பழப் பூரண பிஸ்கட்: மாவு வெடிப்பதும் அடி ஈரமாக இருப்பதும்

வணக்கம். முழுக்கோதுமை மாவில் அத்திப்பழப் பூரணம் வைத்துச் சுடும்போது மேல்மாவு வெடிப்பதாகவும், அடிப்பாகம் ஈரமாகவே இருந்துவிடுவதாகவும் எழுதியிருந்தீர்கள். இரண்டுக்கும் காரணம் வேறு வேறு.

தவிடு நீரை மெதுவாகத்தான் உறிஞ்சும் என்பதால், பிசைந்தவுடன் பதமாகத் தெரிகிற மாவு சற்று நேரத்தில் வறண்டுவிடுகிறது. மைதாவுக்கான செய்முறையைப் பின்பற்றுவதாக இருந்தால், 1 கோப்பை மாவுக்கு 1 அல்லது 2 தேக்கரண்டி பால் கூடுதலாகச் சேர்த்து, மூடி, குளிர்சாதனப் பெட்டியில் ஒரு மணி நேரம் வைத்த பிறகே இரண்டு பேக்கிங் தாள்களுக்கு நடுவில் தேயுங்கள். அப்போதும் விளிம்பு பிளந்தால், ஐந்து நிமிடம் வெளியே வைத்துவிட்டுத் தொடருங்கள்.

ஈரத்துக்குப் பூரணம்தான் காரணம் என்று நினைக்கிறேன். கரண்டியால் பாத்திரத்தின் அடியில் ஒரு கோடு இழுத்தால் அது உடனே மூடிக்கொள்ளாத பதம் வரும்வரை கிளறி, முற்றிலும் ஆறவிட்டுப் பரப்புங்கள். சூடாகப் பரப்பினால் மாவிலுள்ள வெண்ணெய் உருகிவிடும். 175 டிகிரி செல்சியஸில், ஓவனின் கீழ்த்தட்டில் சுடுவது நல்லது. இந்த மாவு முதலிலிருந்தே பழுப்பாக இருப்பதால் நிறத்தை மட்டும் நம்பாமல், விளிம்பு இறுகியிருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள்.

முதல் நாள் சற்றுக் கடினமாக இருந்தால் கவலை வேண்டாம். மூடிய டப்பாவில் ஓர் இரவு இருந்தால் பூரணத்தின் ஈரம் ஏறி மென்மையாகிவிடும்.