இடப்பக்கம் திருப்பினால் மட்டும் ஒலிக்கும் ஹோர்ன்

பண்டாரவளையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். தந்தை விட்டுச்சென்ற, 1960களின் மொரிஸ் மைனர் 1000 அவரிடம் இருக்கிறது. ஸ்டியரிங்கை இடப்பக்கம் திருப்பினால்தான் ஹோர்ன் ஒலிக்கிறது. பனிமூட்டமான காலைகளில் அதுவும் இல்லை. பொத்தான் ஸ்டியரிங் சக்கரத்தின் நடுவில் இருக்கிறது. கராஜில் காட்டியபோது, வயரிங் முழுவதையும் மாற்ற வேண்டும், பற்றரியையும் மைனஸ் ஏர்த்துக்கு, அதாவது அதன் மைனஸ் முனை காரின் உடலோடு சேரும்படி, மாற்ற வேண்டும் என்றார்களாம். பெரகலை வளைவுகளில் பஸ் எதிரே வரும்போது ஹோர்ன் இல்லாமல் ஓட்டப் பயமாக இருக்கிறது, கராஜ் பாஸ், அதாவது மெக்கானிக், சொன்னதைச் செய்துவிடலாமா என்று கேட்கிறார்.

வேண்டாம், ஐயா. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற வேலை அது. சில நேரமாவது ஒலிக்கிறது என்றால் ஹோர்ன் கெடவில்லை, மின்சாரமும் அதுவரை வருகிறது. ஸ்டியரிங்கைத் திருப்பினால் நிலைமை மாறுகிறது என்றால், கோளாறு ஸ்டியரிங் தண்டிலோ பொத்தானிலோதான் இருக்க வேண்டும். அதற்கு ஏன் பின்விளக்கு வயரை மாற்ற வேண்டும்?

இந்தக் காரில் ஒரு விசேஷம் உண்டு. மின்சாரம் பியூஸ் வழியாக ஹோர்னின் ஒரு முனையில் எப்போதும் காத்திருக்கும். சாவி போடத் தேவையில்லை. மறுமுனையிலிருந்து ஒரு வயர் ஸ்டியரிங் தண்டுக்குப் போகிறது. பொத்தானை அழுத்தினால் அந்த வயர் ஏர்த்தைத் தொடும், அதாவது காரின் இரும்பு உடலைத் தொடும்; உடனே ஒலிக்கும். அந்த ஏர்த்துக்குப் போகும் வழியில் துருவும் காய்ந்த கிறீஸும் சேர்ந்திருந்தால், நீங்கள் எவ்வளவு அழுத்தினாலும் பயனில்லை. மலைநாட்டு ஈரம் அந்தத் துருவை இன்னும் மோசமாக்குகிறது.

சோதிப்பதற்கு டாஷ்போர்டில் எரியும் சிறிய 12 வோல்ட் பல்ப் ஒன்றும் இரண்டு துண்டு வயரும் போதும். ஹோர்னிலிருந்து இரண்டு வயர்களையும் கழற்றுங்கள். பல்பின் ஒரு காலைச் சுரண்டிய இரும்பில் வைத்து, மறுகாலால் இரண்டு வயர்களையும் தொட்டுப் பாருங்கள். எது எரிகிறதோ அது பியூஸிலிருந்து வருவது. அதைத் திரும்ப மாட்டுங்கள். ஹோர்னின் மற்ற முனையை ஒரு துண்டு வயரால் இரும்போடு தொடுங்கள். ஒலித்தால் ஹோர்னின் மீது குற்றமில்லை. அடுத்து ஸ்டியரிங் வயரையும் மாட்டிவிட்டுப் பொத்தானைக் கழற்றி, உள்ளே வரும் அந்த வயரின் முனையை இரும்போடு தொடுங்கள். அங்கும் ஒலித்தால் பொத்தானின் தொடர்பையும் அதன் ஏர்த்தையும் உப்புத்தாளால் சுத்தம் செய்தால் வேலை முடிந்தது. ஒலிக்காவிட்டால் இடையில் எங்கோ வயர் அறுந்திருக்கிறது, அல்லது வயர்களைச் சேர்க்கும் கறுப்பு றப்பர் குழாய்க்குள் பச்சைக் களிம்பு பிடித்திருக்கிறது. அந்த ஒரு வயரை மட்டும் மாற்றுங்கள்.

மேலே சொன்னது ஹோர்னில் இரண்டு முனைகள் இருந்தால்தான் பொருந்தும். யாராவது முன்பு ஜப்பான் காரின் ஹோர்னைப் பூட்டியிருந்தால் அதில் ஒரே முனைதான் இருக்கலாம். அந்த வகை ஹோர்ன் தன் உடல் வழியாகவே ஏர்த்தைப் பிடிக்கிறது. பொத்தானில் ஏர்த்தைத் தொட்டு அதை ஒலிக்கவைக்க முடியாது. பொத்தானின் கட்டளைக்கு ஹோர்னுக்கு மின்சாரத்தை இணைத்துவிடும் சிறு மின்சுவிட்சான ரிலே வைத்துப் பூட்டியிருந்தால் பிழையில்லை. ஆனால் ரிலே வாங்கும் சில நூறு ரூபாவை மிச்சம் பிடிக்க, பியூஸ் இல்லாத மின்சாரத்தை நேரே டாஷ்போர்டுக்கு அடியில் ஒரு சுவிட்சுக்குக் கொண்டுவருகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த வயரின் தோல் உரசிக் கழன்றால் புகை கிளம்பும். உங்கள் ஹோர்னில் எத்தனை முனைகள் என்று முதலில் எண்ணுங்கள். ஒன்றுதான் என்றால் என் சோதனையைச் செய்யாதீர்கள்; வயர் எங்கே போகிறது என்று பார்த்துவிட்டு எனக்கு மறுபடி எழுதுங்கள்.

பற்றரியைத் திருப்பும் கதையையும் சொல்லிவிடுகிறேன். மொரிஸ் மைனர் பிளஸ் ஏர்த்தோடு வந்த கார். ஹோர்னுக்கும் பல்புக்கும் பிளஸ், மைனஸ் பேதம் கிடையாது. பற்றரியைத் திருப்பினால், அதற்கு மின்னேற்றும் டைனமோவின் பிளஸ், மைனஸையும் அதற்கேற்ப மாற்றியமைக்க வேண்டும். பழைய ரேடியோ இருந்தால் அது கருகிப்போகலாம். இவ்வளவும் தெரிந்துகொண்டே பில்லில் சேர்க்கிறார்கள்.

பியூஸிலும் ஒரு பொறி இருக்கிறது. இந்தக் கார்களின் மின்பாகங்களைச் செய்த லூகாஸ் கம்பனியின் பழைய கண்ணாடி பியூஸில் 35 என்று இருக்கும். அது எரிந்து அறுகிற அளவு. தொடர்ந்து தாங்குவது 17 ஆம்பியர்தான். புதிய வகை பியூஸில் எழுதியிருப்பதோ தொடர்ந்து தாங்கும் அளவு. பழையதில் 35ஐப் பார்த்துப் புதிய வகையிலும் 35ஐப் போட்டால், பியூஸ் அறுவதற்கு முன்னால் வயர் உருகலாம். சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றியிருந்தால் இன்றைக்கே எடுத்தெறியுங்கள்.

புதிய கார் இறக்குமதியை 2020 மார்ச்சில் நிறுத்தி 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்குத் திறந்தார்கள். அந்த ஐந்து ஆண்டுகளில் பழைய காருக்கும் அதன் பாகங்களுக்கும் முளைத்த தரகர்கள் இன்னும் போகவில்லை. காருக்கு வருடாவருடம் எடுக்கும் வருமான அனுமதிப்பத்திரத்துக்குப் புகைச் சான்றிதழும் காப்புறுதியும் கேட்கிறார்கள். தனியார் காரில் ஹோர்ன் ஒலிக்கிறதா என்று கேட்க ஆளில்லை. அதனால்தான் இந்தக் கோளாறு பத்து வருடம் பாஸ் கைகளில் சுற்றுகிறது.

எல்லாம் சரியான பிறகும் ஒலி கரகரத்தால், ஹோர்னின் சரிப்படுத்தும் திருகாணியை ஒலி நிற்கும்வரை இடப்பக்கம் திருகி, பிறகு கால் சுற்று வலப்பக்கம் திருகுங்கள். அப்போதும் தேறாமல் கராஜில் புதிய ஹோர்ன் பூட்டினால், கழற்றிய லூகாஸ் ஹோர்னைக் கையோடு கேட்டு வாங்கிவிடுங்கள். அங்கே விட்டுவந்தால் அதுவே அடுத்த மாதம் இன்னொரு மைனர்க்காரருக்கு "ஒரிஜினல்" என்று விலைபோகும்.