பத்திரம், பத்திரம்!

கேள்வி: கலிஃபோர்னியாவில் பூங்கா, குடிநீர், காடு எல்லாவற்றுக்கும் மக்களிடம் ஓட்டுக் கேட்டுப் பத்திரம் வெளியிட்டுப் பணம் திரட்டுகிறார்களாமே? நம் ஏரிகளையும் அப்படிக் காப்பாற்றினால் என்ன?
- வாசகர் ஒருவர், நாமக்கல்

பதில்: 'பத்திரம்' என்றீர்களே, அங்கேயே மாட்டிக்கொண்டேன். வீடு வாங்கினால் பத்திரம், கடன் வாங்கினால் பத்திரம், சிவனுக்குப் போடும் வில்வமும் பத்திரம், பிள்ளை பஸ் ஏறும்போது அம்மா சொல்வதும் பத்திரம். இலங்கையில் இதற்குப் பிணைமுறி என்று பெயர். முறி என்றால் பழைய தமிழில் ஓலைச்சீட்டு, இன்றைய காதுக்கு உடைவது. 2022-இல் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று கொழும்பு கைவிரித்தபோது இரண்டு பொருளும் சேர்ந்து பலித்தன. 'பாண்டு என்றே எழுதித் தொலையுங்களேன்' என்னும் கட்சிக்கு: பாண்டு மகாராஜா சாபத்தைச் சம்பாதித்துக்கொண்டு, பிள்ளைக்குத் தேவர்களை நம்பியவர். யோசித்தால் பொருத்தமாகத்தான் இருக்கிறது.

சரி, கலிஃபோர்னியா. அங்கே பத்திரம் என்றால் முதலீட்டாளரிடம் வாங்கி வட்டியோடு திருப்பிக் கட்டும் கடன். 3 லட்சம் டாலருக்கு மேல் மாநிலம் இப்படிக் கடன்பட மக்கள் ஓட்டு வேண்டும் என்கிறது அங்குள்ள அரசியல் சட்டம். 2018 ஜூனில் 400 கோடி டாலருக்கும் 2024 நவம்பரில் 1,000 கோடிக்கும் மக்கள் சம்மதித்தார்கள். இரண்டாவதற்கு ஆண்டுக்குச் சுமார் 40 கோடி வீதம் 40 ஆண்டு கட்ட வேண்டும் என்பது சட்டமன்ற நிதி ஆய்வாளரின் மதிப்பீடு. 1,000 வாங்கி 1,600! பணவீக்கத்தைக் கழித்தால் வித்தியாசம் வெகுவாகச் சுருங்கும், பதறாதீர்கள்.

வட்டியை விடுங்கள், வில்லங்கம் புல்லில் இருக்கிறது. இந்தப் பணத்தில் நிலம் வாங்கலாம், கட்டலாம், சீரமைக்கலாம். புல்லுக்குத் தண்ணீர் விடவும் கழிப்பறை கழுவவும் காவலாளிக்குச் சம்பளம் தரவும் எடுக்க முடியாது. இந்த மாதச் சம்பளத்துக்கு 40 வருடக் கடனா என்று தடுப்பது நியாயமே. ஆனால் ரிப்பன் வெட்டிய மறுநாளே பராமரிப்பு நகராட்சியின் தலையில் விழுகிறது. இந்தப் பணத்திலிருந்து மாநிலம் ஊர்களுக்குத் தரும் மானியமும் பெரும்பாலும் செலவழித்துவிட்டு ரசீது காட்டினால்தான் வரும். கையில் காசில்லாத சிற்றூர் முதல் படியிலேயே நின்றுவிடும். போதாததற்கு, பூங்கா நிலத்தை வேறு காரியத்துக்குத் திருப்பக் கூடாதென்று நில ஆவணத்தில் நிபந்தனை ஏற்றிப் பதிய வேண்டும். பத்திரத்துக்கு மேல் பத்திரம்!

2018 நவம்பரில் 887 கோடி டாலருக்கு இன்னொரு பத்திரம் ஓட்டுக்கு வந்து, மயிரிழையில் தோற்றது. அதில் 75 கோடி, வயல்களுக்கு நீர் கொண்டுபோகும் ஃப்ரையன்ட்-கெர்ன் உள்ளிட்ட கால்வாய்களுக்கு. நிலத்தடி நீரை உறிஞ்சி உறிஞ்சித் தரை இறங்கியதில் ஃப்ரையன்ட்-கெர்ன் கால்வாயும் நடுவில் தொய்ந்துபோனது. சரிவை நம்பி ஓடும் தண்ணீர் தொய்ந்த இடத்தில் தேங்கிக் கரையைத் தொட்டுவிடும். அதற்கு மேல் விட முடியாது. வயல்காரர்கள் உறிஞ்சிய பள்ளத்துக்கு ஊரே கடன்பட வேண்டுமாம்!

நமக்கும் பத்திரம் புதிதல்ல. சென்னை மாநகராட்சி 2025-இல் 7.97 சதவீத வட்டிக்கு 200 கோடி ரூபாய் திரட்டியது, கொசஸ்தலையாற்று வடிநிலத்தின் மழைநீர் வடிகாலுக்காக. மக்களிடம் ஓட்டெல்லாம் கேட்கவில்லை. ஏரி வட்டி கட்டாது, எனவே முதலீட்டாளர் பார்ப்பது வரி வசூலைத்தான். வசூல் தனிக் கணக்கில் விழுந்து, தவணைக்கு ஒதுக்கியது போக மிச்சம்தான் உள்ளாட்சியின் கைக்கு வரும். மதகுக்கு கிரீஸ் போடுவதும் வரத்துக் கால்வாயைத் தூர்வாருவதும் அந்த மிச்சத்தில்தான் நடக்க வேண்டும். கடைசியாகச் சொத்து வரி கட்டிய ரசீது, பத்திரமாக இருக்கிறதா?