கேளுங்க, சொல்றோம்: கிட்ட இருக்கற யாழ்ப்பாணத்துக்கு ஏன் இவ்ளோ நேரம்?

கேள்வி: சென்னையிலிருந்து கொழும்புக்குப் போற தூரத்துல பாதி சொச்சம்தான் யாழ்ப்பாணம். ஆனா டிக்கெட்ல ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லாம நேரம் போட்டிருக்கே, சுத்திக்கிட்டா போறாங்க?
- தாம்பரம் வாசகர்

பதில்: சுத்தல்லாம் இல்லைங்க, ப்ளேன் வேற. மீனம்பாக்கத்துலேர்ந்து யாழ்ப்பாண ஏர்போர்ட் இருக்கற பலாலிக்கு நேர்கோட்டுல சுமார் 355 கிலோமீட்டர், கொழும்புக்காரங்க இறங்கற கட்டுநாயக்காவுக்கு 645 வரும். கொழும்புக்கு ஜெட் போகுது, மணிக்கு 800ன்னு வச்சுக்கிட்டா நடுவானத்துக் கணக்கு 48 நிமிஷம். பலாலி போறது ஏடிஆர் 72, விசிறி வச்ச ப்ளேன், நல்லா போனா 500, அப்போ 43 நிமிஷம். அவ்ளோதான் வித்தியாசம்! இது மேல மீனம்பாக்கத்துல ரன்வே வரைக்கும் ஊர்ந்து போறது, முன்னாடி நிக்கிற ஃப்ளைட்டுங்க கிளம்பற வரைக்கும் காத்துக் கிடக்கறது, ஏறறது இறங்கறதுன்னு எல்லாம் சேருது, டிக்கெட்ல போடறது கிளம்பற இடத்துலேர்ந்து போய் நிக்கிற வரைக்கும் உள்ள மொத்த நேரம், பறக்கற நேரம் மட்டும் இல்ல.

ஜன்னல் சீட் கேட்டு வாங்குங்க. ஏடிஆர்ல இறக்கை தலைக்கு மேல இருக்கும், கீழே பாக்கறதுக்கு மறைக்காது. ஆனா ஏறறது பின்பக்கக் கதவு வழியா, அதனால முன் சீட்டு கிடைச்சாச்சுன்னு குஷியாயிட வேணாம், எல்லாரையும் தாண்டித்தான் போகணும்.

கேள்வி: யாழ்ப்பாணம் நல்லூர்ல கல்யாணம். கொழும்பு போய் அங்கிருந்து போகலாம்ங்கறார் மச்சான். சரியா?
- மதுரை வாசகி

பதில்: மச்சானுக்குக் கொழும்புல ஷாப்பிங் வேலை இருக்கும் போல! கொழும்புலேர்ந்து யாழ்ப்பாணம் ரோட்டுல 400 கிலோமீட்டர் கிட்ட, பஸ்ஸோ ரயிலோ ஒரு பகல் போயிடும். பலாலியில இறங்கினா டவுனுக்கு வேன்ல அரை மணி, கூடிப்போனா முக்கால் மணி. ஏர்போர்ட் 2019 அக்டோபர்லதான் இன்டர்நேஷனலா திறந்தாங்க, அடுத்த மாசமே சென்னை ஃப்ளைட் வந்துடுச்சு. ஆனா ரூட்டு பழசு, 1947 டிசம்பர்ல இலங்கையோட பழைய விமான கம்பெனி ஏர் சிலோனோட முதல் ஃப்ளைட்டே கொழும்பு பக்கத்து ரத்மலானையிலேர்ந்து, பலாலி பக்கத்து காங்கேசன்துறை வழியா மெட்ராஸுக்குத்தான் வந்துச்சு. ஒண்ணு மட்டும், சின்ன ப்ளேன், சீட்டும் கம்மி, சீர்வரிசைன்னு பெட்டி பெட்டியா தூக்காம டிக்கெட்ல போட்டிருக்கற கிலோவைப் பாத்துட்டு கட்டுங்க.

கேள்வி: வாட்ச்ல நேரம் மாத்தணுமா?
- திருச்சி வாசகர்

பதில்: வேணாம். 2006 ஏப்ரல்லேர்ந்து ரெண்டு ஊருக்கும் ஒரே நேரம்தான்.