எம்டனுக்குக் கரி எங்கிருந்து வந்தது? – வாசகர் கேள்வி பதில்

முதல் உலகப் போரில் சென்னை மேல் குண்டு போட்ட ஜெர்மன் போர்க்கப்பல் எம்டனைப் பற்றிச் சென்ற இதழில் நாலு வரி எழுதினாலும் எழுதினேன், கடிதங்கள் குவிந்துவிட்டன. ஐந்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். கப்பல் இயந்திர அறையிலேயே காலத்தை ஓட்டியவன் நான். பதில்களில் கரியும் புகையும் கொஞ்சம் தூக்கலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எம்டன் குண்டு போட்டதில் பாதிச் சென்னையே எரிந்தது என்று என் தாத்தா சொல்வார். நிஜமா? (மயிலாப்பூர் வாசகர்)

பதில்: எரிந்தது எண்ணெய்தான், ஊர் இல்லை. 1914 செப்டம்பர் 22, இரவு ஒன்பதரை மணி வாக்கில் எம்டன் துறைமுகத்துக்கு மூன்று கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில் வந்து நின்று தேடுவிளக்கைப் போட்டது. பர்மா ஆயில் கம்பெனியின் தொட்டிகள் பளிச்சென்று தெரிந்தன. போர் தொடங்கி ஏழு வாரம் ஆகியும் சென்னைக் கரையில் விளக்குகளை அணைக்கவில்லை. கலங்கரை விளக்கம்கூட எரிந்துகொண்டிருந்தது! ராத்திரியில் வழி தெரியாமல் தடுமாற வேண்டிய எதிரிக்கு நாமே விளக்குப் பிடித்திருக்கிறோம்.

சுமார் 130 குண்டுகள். எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன, துறைமுகத்தில் நின்ற சுப்ரா என்ற வணிகக் கப்பலும் அடிவாங்கியது. குறைந்தது ஐந்து பேர் இறந்தார்கள். உயர் நீதிமன்ற வளாகத்திலும் குண்டு விழுந்தது. அதைச் சொல்லும் கல்வெட்டை அங்கே இன்றும் பார்க்கலாம். கரையிலிருந்த பீரங்கிகள் பதிலுக்குச் சுட்டுப் பார்த்தன, ஒன்றும் படவில்லை. அரை மணிக்குள் எம்டன் விளக்கை அணைத்துக்கொண்டு கிளம்பிவிட்டது. தாத்தா மேல் தப்பில்லை. பற்றி எரியும் எண்ணெயைத் தூரத்திலிருந்து பார்த்தவர்களுக்கு ஊரே எரிகிற மாதிரிதான் இருந்திருக்கும். அடுத்த சில நாட்களில் ஜனங்கள் மூட்டை முடிச்சோடு ஊரைக் காலி செய்தார்கள். கேப்டன் கார்ல் ஃபான் மியூலர் எதிர்பார்த்ததும் அதைத்தான். பிரிட்டிஷ்காரன் மேல் இருந்த நம்பிக்கையை அசைத்துப் பார்க்கவே அவர் வந்தார்.

கேள்வி: அந்தக் கப்பலில் செண்பகராமன் பிள்ளை இருந்தார் என்கிறார்களே? (நாகர்கோவில் வாசகர்)

பதில்: இல்லை ஐயா. எம்டன் சீனக் கரையில் உள்ள சிங்டாவ் துறைமுகத்தை விட்டு ஜூலை 31-ல் கிளம்பியது. பசிபிக் தீவுகள் வழியாகச் சுற்றி வங்காள விரிகுடாவுக்குள் நுழைந்தது. வெளிநாட்டிலிருந்து இந்திய விடுதலைக்குப் பாடுபட்ட பிள்ளை அப்போது சுவிட்சர்லாந்தில், சூரிச் நகரில் இந்திய ஆதரவுக் குழுவை நடத்திக்கொண்டிருந்தார். அங்கே இருந்தவர் எந்தத் துறைமுகத்தில் ஏறியிருக்க முடியும்? பிறகு அவர் பெர்லினுக்குப் போய்ச் செய்த வேலைகளே அவர் பெயருக்குப் போதும். ஏறாத கப்பலில் ஏற்றிவிட வேண்டாம்.

கேள்வி: ஒற்றைக் கப்பல், சொந்தத் துறைமுகம் கிடையாது. எரிபொருளுக்கு என்ன செய்தார்கள்? (தூத்துக்குடி வாசகி)

பதில்: இதைக் கேட்க ஒருவராவது இருக்கிறாரே என்று சந்தோஷப்பட்டேன் அம்மா.

எம்டனில் 12 கொதிகலன்கள், எல்லாமே கரி தின்பவை. அதன் ஜோடிக் கப்பலான டிரெஸ்டனுக்கு டர்பைன் கொடுத்துவிட்டு இதற்குப் பழைய பிஸ்டன் இயந்திரத்தையே வைத்திருந்தார்கள். கூடவே மார்கோமானியா என்ற கரிக்கப்பல் வந்தது. அது எத்தனை நாளைக்குக் காணும்? அதனால் எதிரியின் கரியையே பிடுங்கித் தின்பது என்று முடிவு. செப்டம்பர் 10 வாக்கில் பொன்டோபோரோஸ் என்ற கிரேக்கக் கப்பல் சிக்கியது. கிரேக்கம் நடுநிலை நாடு, ஆனால் உள்ளே இருந்தது பிரிட்டிஷாருக்குப் போகிற கரி. அந்தக் கேப்டனிடம் வாடகை பேசிக் கப்பலையே தன் பின்னால் வரச் செய்தார் மியூலர். ஒரே குறை, அது வங்காளக் கரி. எரித்தால் புகை கறுப்பாகக் கிளம்பும், அடுப்பில் கட்டி தட்டும். ஒளிந்து திரிகிற கப்பலுக்குப் புகையைவிடப் பெரிய கோள்சொல்லி வேறில்லை. மாதக் கடைசியில் இலங்கைக்கு மேற்கே புரெஸ்க் என்ற கப்பல் ஆறாயிரத்துச் சொச்சம் டன் வேல்ஸ் கரியோடு மாட்டியது. ஹாங்காங்குக்கு, பிரிட்டிஷ் கடற்படைக்கே போக வேண்டிய சரக்கு. புகை குறைவு, சூடு அதிகம். நெருப்பறை ஆட்களுக்குத் தீபாவளிதான்.

கரி மாற்றுவது லேசான வேலை இல்லை. இரண்டு கப்பலையும் பக்கத்தில் பக்கத்தில் கட்டி, அலையில் ஒன்றை ஒன்று இடிக்க இடிக்க, மூட்டை மூட்டையாகத் தூக்க வேண்டும். கிடங்கு நிரம்பினால் மேல்தளத்திலும் குவிப்பார்கள். தலை முதல் கால் வரை கரித்தூள். குளிக்கச் சோப்பு தட்டுப்பாடு வேறு. இன்டஸ் என்ற கப்பலைப் பிடித்தபோது அதிலிருந்து பெட்டி பெட்டியாகச் சோப்பு கிடைத்ததாம். அதைப் படித்தபோது என் வயிறே குளிர்ந்தது.

அக்டோபரில் இந்தியப் பெருங்கடலின் நடுவே இருக்கும் டீகோ கார்சியா தீவுக்குப் போனார்கள். போர் மூண்ட செய்தியே அங்கே எட்டியிருக்கவில்லை. கப்பலை ஒரு பக்கமாகச் சாய்த்து அடிப்பாசியைச் சுரண்டினார்கள், கரி ஏற்றினார்கள், தீவு மேலாளரின் பழுதான மோட்டார் படகையும் சரிசெய்து கொடுத்தார்கள்.

கடைசியில் கதையை முடித்ததும் கரிதான். நவம்பர் 9, அதே இந்தியப் பெருங்கடலில் உள்ள கோகோஸ் தீவு. அங்கிருந்த தந்தி நிலையத்தை உடைக்க ஐம்பது பேர் கரையிறங்கினார்கள். கம்பியில்லாத் தந்திக் கம்பத்தைச் சாய்க்கும்போது, டென்னிஸ் மைதானத்தின் மேல் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று நிலையத்து ஊழியர்கள் கேட்க, ஜெர்மானியர்களும் அப்படியே சாய்த்தார்கள். ஆனால் கம்பம் விழுவதற்கு முன்பே 'அந்நியக் கப்பல் வந்திருக்கிறது' என்ற செய்தி போய்விட்டது. சற்று நேரத்தில் தொடுவானத்தில் புகை. கரி கொண்டுவரச் சொல்லியிருந்த புரெஸ்க்தான் வருகிறது என்று எம்டனில் நினைத்துக்கொண்டார்கள். வந்தது சிட்னி என்ற ஆஸ்திரேலியப் போர்க்கப்பல். அதன் பீரங்கிகள் ஆறு அங்குலம். எம்டனுடையவை நாலு அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல். எம்டன் முதலில் குறி தப்பாமல்தான் அடித்தது. சிட்னி எட்டத்தில் நின்று அடிக்க ஆரம்பித்த பிறகு நிற்க முடியவில்லை. மூழ்குவதற்குள் மியூலர் கப்பலைப் பவளப் பாறையில் ஏற்றி நிறுத்தினார். அவரது ஆட்களில் 130 பேருக்கு மேல் செத்துப்போனார்கள்.

கேள்வி: எம்டனுக்குப் பயந்து சென்னை மிருகக்காட்சி சாலையில் விலங்குகளைச் சுட்டார்களாமே? (வேலூர் வாசகர்)

பதில்: சுட்டது உண்மை, போர் வேறு. அது 1942 ஏப்ரல். ஜப்பான்காரன் வருகிறான் என்ற பீதியில் அரசு அலுவலகங்கள் ஊரைவிட்டு இடம் மாறிய சமயம். குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் சிங்கம் புலி தெருவுக்கு வந்துவிடும் என்று கொன்றார்கள்.

கேள்வி: எங்கள் மட்டக்களப்புக் கடலில் கிடக்கும் ஹெர்மிஸ் கப்பல் எப்படி மூழ்கியது? (மட்டக்களப்பு வாசகர்)

பதில்: மேலே சொன்ன பீதிக்குக் காரணமான அதே வாரம். ஏப்ரல் 5-ல் ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. 9-ஆம் தேதி திருகோணமலை. அடி விழப்போகிறது என்று தெரிந்து முதல் நாள் இரவே பிரிட்டிஷ் கப்பலான ஹெர்மிஸைத் துறைமுகத்திலிருந்து வெளியே அனுப்பினார்கள். நல்ல யோசனைதான், ஆனால் அதன் விமானங்கள் கரையிலேயே நின்றுவிட்டன. விமானந்தாங்கிக் கப்பலாகவே திட்டமிட்டு வரையப்பட்ட முதல் கப்பல், தன்னைக் காக்க ஒரு விமானமும் இல்லாமல் மாட்டிக்கொண்டது. உங்கள் ஊருக்கு எதிரே அதன் மேல் நாற்பது குண்டுகள் வரை விழுந்தன. சில நிமிடங்களில் முடிந்துவிட்டது. 307 பேர் இறந்தார்கள். துணைக்கு வந்த ஆஸ்திரேலிய நாசகாரிக் கப்பல் வாம்பயரும் மூழ்கியது. அந்த வழியாக வந்த வீட்டா என்ற மருத்துவமனைக் கப்பல், ஜப்பானியர் தொந்தரவு செய்யாமல் விட்டதால், தண்ணீரில் தத்தளித்தவர்களில் சுமார் 600 பேரைத் தூக்கியெடுத்துக் கொழும்பு கொண்டுபோய்ச் சேர்த்தது.