வாசகர் கேள்வி–பதில்: பிள்ளைகளின் வாயில் இருக்கும் மொழி

பழங்குடி மக்களின் மொழி, பண்பாடு குறித்த கேள்விகளை அனுப்புமாறு வேலூர் வட்டார வாசகர்களைக் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் ஐந்துக்கு இங்கே பதில்.

கேள்வி: நான் ஆரணியைச் சேர்ந்தவள், ஜவ்வாது மலையில் ஓர் உண்டு உறைவிடப் பள்ளியில் கற்பிக்கிறேன். மலையாளி இனப் பிள்ளைகளின் தமிழில் எனக்குப் புரியாத சொற்கள் பல வருகின்றன. அவற்றைத் திருத்தும்போது பிள்ளைகள் பேச்சையே நிறுத்திவிடுகிறார்கள். என்ன செய்வது?
– ஆசிரியை, ஜமுனாமரத்தூர்

பதில்: திருத்த வேண்டாம். மலையாளி என்னும் பெயர் மலையில் வாழ்வோர் என்ற பொருளில் வழங்குவது. கேரளத்து மலையாள மொழிக்கும் இவர்களுக்கும் தொடர்பில்லை. காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்ததாகத் தம் மரபுக் கதையில் கூறும் இம்மக்கள் 2011 கணக்கெடுப்பில் மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். தமிழ்நாட்டுப் பழங்குடிகளில் எண்ணிக்கையில் முதலிடம் இவர்களுக்கே. இவர்கள் பேசுவது தமிழ் என்பதாலேயே ஒரு சிக்கல் வந்து சேர்கிறது. தோடர் மொழி தேய்கிறது என்றால் அறிஞர்கள் கவலைப்படுகிறார்கள். மலைத்தமிழ் தேய்ந்தாலோ, பிள்ளைகள் நன்றாகப் பேசக் கற்றுக்கொண்டார்கள் என்று பள்ளிக்கூடம் மகிழ்கிறது.

கொம்புத்தேன், பொந்துத்தேன், மலைத்தேன், கொசுத்தேன் என்று பிரித்துச் சொல்லும் பிள்ளை, எந்தத் தேனீ மரக்கொம்பில் கூடு கட்டும், எது பொந்தில் அடையும், எது பாறைச் சரிவில் தொங்கும், எதற்குக் கொடுக்கு இல்லை என்பதையும் அந்தச் சொற்களோடு சேர்த்தே கற்றிருக்கிறது. சாமை விதைத்த கொல்லையில் வேறு பயிர் ஏறும்போது, சாமையை விதைப்பதற்கும் அறுப்பதற்கும் குத்திப் புடைப்பதற்கும் இருந்த சொற்கள் சொல்ல இடமில்லாமல் போகின்றன. அவற்றில் மிஞ்சியிருப்பவை உங்கள் வகுப்பறையில் ஒலிக்கும்போது, அவற்றைப் பிழை என்று சிவப்பு மையால் சுழிப்பது எனக்கு மனம் பொறுக்காத செயல்.

தேர்வுக்குப் பாடப்புத்தகத் தமிழ் வேண்டும்தான். அதைப் பிள்ளையின் சொல்லுக்குப் பக்கத்தில் வைத்துக் கற்பியுங்கள். ஒரு தடித்த நோட்டில் இரண்டையும் அருகருகே எழுதச் செய்து, எந்த ஊர்ப் பிள்ளை சொன்ன சொல் என்பதையும் குறித்து வையுங்கள். 1989-இல் வட ஆர்க்காடு பிரிந்து, 2019-இல் வேலூர் மாவட்டமும் மூன்றாகிவிட்டதால், ஜவ்வாது மலை இன்று வேலூர், திருப்பத்தூர், திருவண்ணாமலை என மூன்று மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. ஒரு மலையின் பேச்சை மூன்று ஆட்சியர் அலுவலகங்கள் தனித்தனியே பார்க்கும் நிலையில், ஊர்ப்பெயரோடு கூடிய இத்தகைய நோட்டுகள்தான் பின்னாளில் அதை ஒன்றுசேர்த்துக் காட்டும்.

கேள்வி: எங்கள் ஊருக்கு அருகே வாழும் நரிக்குறவர்களின் மொழிக்கு எழுத்து இல்லை. எழுத்தில்லாத மொழி நிலைக்குமா?
– கல்லூரி மாணவர், குடியாத்தம்

பதில்: அவர்கள் பேசும் வாக்ரிபோலி, குஜராத்தி முதலிய மொழிகளோடு உறவுடைய இந்தோ-ஆரிய மொழி. தமிழும் தெலுங்கும் சூழ்ந்த ஊர்களில் தலைமுறை தலைமுறையாக எழுத்தின்றியே அது நிலைத்து வந்திருக்கிறது; வீட்டில் பிள்ளைகளிடம் அதில் பேசினார்கள் என்பதைத் தவிர அதற்கு வேறு காவல் இருந்ததில்லை. எழுத்து உதவும் என்பதை மறுக்கவில்லை. கிழக்கிந்தியப் பழங்குடி மொழியான சந்தாலிக்கு 1925-இல் ரகுநாத் முர்மு ஒல் சிக்கி என்னும் எழுத்தை அமைத்தார். 2003-இல் அம்மொழி, அரசு ஏற்ற மொழிகளின் பட்டியலான அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் சேர்ந்தது. புதிய எழுத்துதான் வேண்டும் என்பதுமில்லை. சௌராஷ்டிர மொழியைத் தமிழெழுத்தில் சிறு எண்களைச் சேர்த்து எழுதும் வழக்கம் உண்டு. வாக்ரிபோலியையும் அவ்வாறு எழுதிப் பார்க்கலாம். எந்த எழுத்து என்பதை அவர்களே முடிவு செய்ய வேண்டும்.

எனக்குள்ள அச்சம் வேறு. 2023 ஜனவரியில் அவர்கள் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கப்பட்டதால், முன்னைவிட அதிகமான பிள்ளைகள் பள்ளிக்கும் கல்லூரிக்கும் வருவார்கள். வர வேண்டும். வருகிற இடத்தில் தங்கள் மொழியைப் பேசக் கூச்சப்படும்படி நாம் நடந்துகொண்டால், இத்தனை தலைமுறை நின்ற மொழி ஒரே தலைமுறையில் அடங்கிவிடும். மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வி தாய்மொழியில் கிடைக்க வசதி செய்ய வேண்டும் என்று அரசியலமைப்பின் 350-அ பிரிவு கூறுகிறது. உங்கள் வகுப்பில் அவர்களில் ஒருவர் இருந்தால், அவர் மொழியில் நாலு வார்த்தை கற்றுக்கொண்டு பேசிப் பாருங்கள்.

கேள்வி: தோடர், கோத்தர், சோளகர், காணி, நரிக்குறவர் மொழிகளை ஆவணப்படுத்தத் தமிழக அரசு 2024-25 நிதிநிலை அறிக்கையில் அறிவித்தது. பதிவு செய்துவிட்டால் மொழி பிழைத்துவிடும் அல்லவா?
– ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர், காட்பாடி

பதில்: அந்த அறிவிப்பை முழுமனதோடு வரவேற்கிறேன். அமெரிக்கப் பூர்வகுடிகளான மயாமியா மக்களின் மொழியைப் பேச இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஒருவரும் இல்லை. பழைய அகராதிகளையும் ஏடுகளையும் கொண்டு அம்மக்கள் அதை மறுபடி கற்று இன்று தம் பிள்ளைகளிடம் பேசுகிறார்கள். பதிவு இல்லாவிட்டால் அது நடந்திராது. ஆயினும் அந்தமானில் போ மொழியைப் பேசிய கடைசி மூதாட்டியான போவா, அவருடைய குரல் பதிவான பிறகும், தம் மொழியில் மறுமொழி சொல்ல ஒருவரும் இல்லாமலேயே 2010 ஜனவரியில் மறைந்தார்.

நியூசிலாந்தின் மாவோரி மக்கள் 1982-இல் மொழிக்கூடுகளைத் தொடங்கினார்கள். மொழி தெரிந்த பாட்டி தாத்தாக்கள் பள்ளி வயதை எட்டாத குழந்தைகளோடு நாள் முழுதும் மாவோரி மொழியிலேயே பேசி, உண்ணவைத்து, உறங்கவைத்தார்கள். அதைக் கண்டு 1984-இல் ஹவாய் மக்களும் தங்கள் மொழிக்கு அவ்வாறே செய்தார்கள். நம்மிடம் ஊர்தோறும் அங்கன்வாடி இருக்கிறது. நரிக்குறவர் குடியிருப்பிலுள்ள அங்கன்வாடியில் அவ்வினத்துப் பாட்டி ஒருவருக்குச் சம்பளம் கொடுத்து அமர்த்திக் கதை சொல்லச் செய்தால், ஆவணக் காப்பகத்தால் ஆகாத காரியம் அங்கே நடக்கும்.

கேள்வி: இருளர்களுக்குத் தனிமொழி உண்டு என்று படித்தேன். எங்கள் பகுதி இருளர்கள் தமிழ்தான் பேசுகிறார்கள். அவர்களிடம் காக்க வேண்டியது என்ன?
– வாசகி, சோளிங்கர்

பதில்: இருளர் மொழி நீலகிரிப் பக்கத்தில் வழங்குவது, நம் வட மாவட்டங்களில் அவர்கள் பேச்சு தமிழே. பாம்பு, எலி, மூலிகை பற்றிய அறிவும், கன்னியம்மா வழிபாடும், மாசி மகத்தன்று மாமல்லபுரம் கடற்கரையில் கூடும் வழக்கமும் அவர்களுடைய பெருஞ்செல்வம். வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துத்தரும் நஞ்சிலிருந்து நாட்டுக்கே பாம்புக்கடி மருந்து தயாராகிறது. 2023-இல் வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இரு இருளர்களுக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. ஆனால் முன்பணம் வாங்கிய கடனுக்காகச் செங்கல் சூளையிலும் மரம் வெட்டும் தோப்பிலும் கட்டுண்டு கிடக்கும் குடும்பத்தில் எந்தத் தந்தை மகனை அழைத்துக்கொண்டு காட்டுக்குப் போய்ச் சுவடு காட்ட முடியும்? கொத்தடிமை முறை 1976-இலேயே சட்டப்படி ஒழிக்கப்பட்டும் நடப்பில் இந்த நிலை. சாதிச் சான்றிதழும் மனைப்பட்டாவும் கிடைப்பதைப் பண்பாட்டுப் பாதுகாப்பின் முதல் வேலையாகவே நான் கருதுகிறேன்.

கேள்வி: என் ஆயா பாடும் பாட்டுகளைச் செல்பேசியில் பதிவு செய்து யூடியூபில் போடலாமா?
– மாணவி, பீஞ்சமந்தை

பதில்: உங்கள் ஆயாவிடம் கேளுங்கள். தாலாட்டையும் நடவுப் பாட்டையும் ஊரார் கேட்கட்டும் என்பார். சாமிப் பாட்டு சிலவற்றை வெளியில் விட வேண்டாம் என்றால் அந்தச் சொல்லை மீறாதீர்கள். ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் நாள், ஊர், எப்போது பாடும் பாட்டு என்பதை உங்கள் குரலில் சொல்லுங்கள்; புரியாத சொற்களுக்கு அவரையே பொருள் சொல்லச் செய்து அதையும் பதியுங்கள்; இரண்டு இடங்களில் பிரதி வைத்திருங்கள். பதிவு செய்யும்போது வீட்டுச் சிறு பிள்ளைகளை வெளியே விரட்ட வேண்டாம். அவர்களை ஆயாவின் பக்கத்தில் உட்காரவைத்துக் கூடவே பாடவிடுங்கள்; பதிவில் அவர்களுடைய சத்தம் கலந்தாலும் பரவாயில்லை.