தேர்தல் பிரசாரப் பணிக்குக் கல்லூரிப் படிப்பு எந்த அளவுக்குத் தயார்ப்படுத்துகிறது?

அரசியல் அறிவியல் இளங்கலை இரண்டாம் ஆண்டில் இருக்கும் நீங்கள், இந்தப் படிப்பு தேர்தல் பிரசாரத்தில் வேலை செய்ய உண்மையில் உதவுமா என்று கேட்டிருக்கிறீர்கள். உதவும், ஆனால் நீங்கள் எதிர்பார்க்கும் பாடங்களின் வழியாக அல்ல. கட்சிகளின் வரலாறும் அரசமைப்புக் கோட்பாடுகளும் அவசியமான பின்புலமே. எனினும், பிரசார அலுவலகங்களில் வாக்காளர் தரவுகளோடும் களப்பணியாளர்களோடும் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஒரு கூற்றை நம்புவதற்கு முன் அதற்கு என்ன சான்று என்று கேட்கும் பழக்கம்தான் கல்லூரி தரும் மிகப் பெரிய தயாரிப்பு.

பிரசார அலுவலகத்தில் கருத்துகளுக்குப் பஞ்சமே இருக்காது. கூட்டம் திரண்டதால் வெற்றி உறுதி என்பார் ஒருவர். இன்னொருவர், தமக்குத் தெரிந்தவர்கள் எல்லோரும் நம் பக்கம்தான் என்பார். எவ்வளவு பெரிய எண்ணிக்கையை வைத்திருந்தாலும் இத்தகைய நம்பிக்கை ஏமாற்றிவிடும் என்பதற்கு 1936ஆம் ஆண்டின் அமெரிக்க அதிபர் தேர்தல் சான்று. ‘லிட்டரரி டைஜஸ்ட்’ இதழ் சுமார் 1 கோடி பேருக்கு அஞ்சல் அனுப்பி, வந்து சேர்ந்த 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பதில்களைக் கொண்டு லாண்டன் வெல்வார் என்று கணித்தது. ரூஸ்வெல்டோ 48 மாநிலங்களில் 46ஐக் கைப்பற்றினார். அக்காலத்தில் வசதியானவர்களிடமே பெரும்பாலும் இருந்த தொலைபேசியும் காரும் வைத்திருந்தோரின் பட்டியல்களிலிருந்து பெரும்பாலான முகவரிகள் எடுக்கப்பட்டதும், பதில் அனுப்பியவர்கள் அனுப்பாதவர்களிடமிருந்து வேறுபட்டிருந்ததும் அந்தப் பிழைக்குக் காரணங்கள். அதைவிட மிகக் குறைவானவர்களைக் கேட்டே கருத்துக்கணிப்பாளர் ஜார்ஜ் கேலப் வெற்றியாளரைச் சரியாகச் சொன்னார். எல்லோருக்கும் பதிலாகச் சிலரைத் தேர்ந்து கேட்கும் மாதிரியெடுப்பைப் புரிந்துகொண்டு படித்த மாணவர், பிரசாரக் குழு தனக்காக நடத்திய கருத்துக்கணிப்பு கைக்கு வந்ததும், யாரைக் கேட்டோம், யார் விடுபட்டார்கள் என்று விசாரிப்பார். அந்தக் கேள்வியைக் கேட்க ஆள் இல்லாத பிரசாரம், தன் காதுக்கு இனியதை மட்டுமே கேட்டுக்கொண்டிருக்கும்.

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் ஆலன் கெர்பரும் டொனால்ட் கிரீனும் 1998இல் நியூ ஹேவன் நகரில் நடத்திய கள ஆய்வையும் தேடிப் படியுங்கள். வாக்காளர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, சிலரை வீட்டுக்கே சென்று சந்தித்தார்கள். சிலருக்கு அஞ்சல் அனுப்பினார்கள். சிலரைத் தொலைபேசியில் அழைத்தார்கள். நேரில் சந்தித்தது வாக்குப்பதிவைத் தெளிவாக உயர்த்தியது. அஞ்சலின் பலன் சிறிதே. தொலைபேசி அழைப்புகளால் பயன் தெரியவில்லை. பணத்தையும் தொண்டர்களின் நேரத்தையும் எங்கே செலவிடுவது என்ற அன்றாடக் கேள்விக்கு இதைவிட நேரான பாடம் எனக்குத் தெரியாது.

சான்று மட்டும் போதாது என்பதையும் கல்லூரிதான் கற்பிக்க வேண்டும். 2006இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், யார் வாக்களித்தார்கள், யார் வாக்களிக்கவில்லை என்பதை அக்கம்பக்கத்தாருக்கும் தெரியப்படுத்தும் கடிதங்களை இதே ஆய்வாளர்கள் சோதித்தபோது, வாக்குப்பதிவு 29.7 சதவீதத்திலிருந்து 37.8 சதவீதமாக உயர்ந்தது. இவ்வளவு பலன் தரும் கடிதத்தை அனுப்பலாமா? அனுப்பக் கூடாது என்பதே என் கருத்து, ஏனெனில் அது மனிதரின் கூச்சத்தைக் கருவியாக்குகிறது. இதை எதிர்த்து வாதாடவும் ஆட்கள் இருக்கிறார்கள். அந்த வாதத்தை அவசரமில்லாமல் நடத்திப் பார்க்க வகுப்பறையைவிட நல்ல இடம் இல்லை. வாக்குப்பதிவுக்கு முந்தைய வாரத்தில் அதற்கு நேரமிருக்காது.

எழுத்துப் பயிற்சியைப் பொறுத்தவரை கல்லூரி பாதி வழிதான் அழைத்துச் செல்கிறது. இருபது பக்கக் கட்டுரை எழுதத் தெரிந்தவர், அதே விஷயத்தை வேட்பாளர் மேடையேறுமுன் படித்து முடிக்கும்படி அரைப் பக்கத்தில் சுருக்கத் தெரியாமல் திணறுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

தொண்டர்களைச் சோர்வடையாமல் வைத்திருப்பதும், கதவைத் திறந்தவர் கோபமாகப் பேசும்போது பொறுமையாகக் கேட்பதும் பாடத்திட்டத்தில் இல்லை. மாணவர் பேரவைத் தேர்தலோ ஓர் உள்ளாட்சி வேட்பாளரின் களப்பணியோதான் அவற்றைக் கற்றுத்தரும்.

பிரசாரத்துக்கென்றே தனிப் படிப்புகளும் உண்டு. 1987இல் தொடங்கப்பட்ட அரசியல் மேலாண்மைப் பள்ளி இன்று அமெரிக்காவின் ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் இயங்குகிறது. தொடர்புகள் கிடைக்கும் என்பதால் இத்தகைய படிப்புகள் பயனுள்ளவை. ஆனால் கட்டாயம் என்று சொல்லமாட்டேன். பெரும்பாலான பிரசார வேலைகள் வாக்குப்பதிவோடு முடிந்துவிடுவதால், இடைப்பட்ட காலத்தில் சந்தை ஆய்விலோ பொதுக்கொள்கை ஆய்விலோ பிழைக்க உதவும் திறனே முக்கியம். ஆகவே, எஞ்சியிருக்கும் பருவங்களில் விருப்பப் பாடமாகப் புள்ளியியலை எடுங்கள். வினாப்பட்டியல் தயாரிப்பதிலிருந்து முடிவுகளை எழுதுவது வரை ஒரு சிறிய கருத்துக்கணிப்பையாவது நீங்களே நடத்திப் பாருங்கள். வேலை கேட்டுச் செல்லும்போது மதிப்பெண் பட்டியலோடு அந்த அறிக்கையையும் எடுத்துச் செல்லுங்கள். ஆள் எடுக்கும் இடத்தில் இருந்தபோது நான் முதலில் வாங்கிப் படித்தது அத்தகைய அறிக்கைகளைத்தான்.