காக்குஎய் தனாகா: நீங்கள் கேட்டவையும் என் பதில்களும்

1972 ஜூலை முதல் 1974 டிசம்பர் வரை ஜப்பான் பிரதமராக இருந்த காக்குஎய் தனாகா பற்றிக் கேள்வி கேட்கச் சொல்லியிருந்தேன், குவிந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

சரவணன்: அண்ணா, அபே எட்டு வருடத்துக்கு மேல் பிரதமராக இருந்தார். இவர் இரண்டரை வருடம்கூட இல்லை. இவரைப் பற்றி ஏன் இன்னமும் பேசுகிறார்கள்?

பதவியை விட்ட பிறகுதான் அவருடைய பலமே கூடியது, அதனால்தான். 1976-ல் லாக்ஹீட் என்ற அமெரிக்க விமானக் கம்பெனியின் லஞ்ச வழக்கில் கைதானார், ஆளுங்கட்சியான லிபரல் டெமாக்ரடிக் கட்சியிலிருந்து விலகினார், ஒருபக்கம் கோர்ட்டுக்கு நடந்துகொண்டிருந்தார். ஆனால் கட்சிக்குள் அவர் கோஷ்டி மட்டும் வளர்ந்துகொண்டே போய் நூறு எம்.பி.க்களைத் தாண்டியது. ஓஹிரா, சுசுகி, நாகசோனே என்று அடுத்தடுத்து வந்த மூன்று பேரும் இந்த கோஷ்டியின் ஆதரவு இல்லாமல் பிரதமராகியிருக்க முடியாது. கட்சியில் உறுப்பினராகக்கூட இல்லாத ஆள் ஆளுங்கட்சித் தலைவரை முடிவு செய்கிறார் என்றால் பாருங்கள்! பத்திரிகைகள் அவரை 'இருட்டு ஷோகன்' என்றே எழுதின (ஷோகன் என்றால் அந்தக் கால ஜப்பானை ஆண்ட படைத்தலைவர்).

தேன்மொழி: நிஜமாகவே தொடக்கப் பள்ளிப் படிப்பு மட்டும்தானா?

கிட்டத்தட்ட. 1918-ல் நீகாதா மாகாணத்துக் கிராமத்தில் பிறந்தவர். அப்பா மாடு, குதிரை வியாபாரத்தில் கையைச் சுட்டுக்கொண்டவர். பையன் 15 வயதில் டோக்கியோவுக்கு வேலை தேடி வந்து, இரவுப் பள்ளியில் கட்டுமானத் தொழில் படித்து, பிறகு சொந்தமாகக் கம்பெனி ஆரம்பித்தார். 1947-ல் எம்.பி. அடுத்த வருடமே நிலக்கரி விவகாரத்தில் லஞ்சம் வாங்கியதாகக் கைது. சிறையிலிருந்தபடியே தேர்தலில் நின்று ஜெயித்தார், அந்த வழக்கில் மேல்முறையீட்டில் விடுதலையும் ஆனார்.

அந்தக் காலத்து ஜப்பானில் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்து, அதிகாரியாக இருந்து, அப்புறம் அரசியலுக்கு வருவதுதான் ராஜபாட்டை. அப்படி வந்த அதிகாரிகள் நிறைந்த நிதி அமைச்சகத்துக்கு இவர் 1962-ல், 44 வயதில், அமைச்சராகப் போனார். நான் தொடக்கப் பள்ளி, நீங்கள் நாட்டிலேயே பெரிய மூளைக்காரர்கள், வேலையை நீங்கள் செய்யுங்கள், பொறுப்பை நான் ஏற்கிறேன் என்கிற மாதிரி முதல் நாளே பேசினார் என்று இன்றைக்கும் சொல்வார்கள். அதிகாரிகள் பேர், ஊர், எந்த வருடம் வேலையில் சேர்ந்தார்கள் என்பதையெல்லாம் மனப்பாடமாக வைத்திருப்பாராம். 'கம்ப்யூட்டர் பொருத்திய புல்டோசர்' என்ற பட்டப்பெயர் சும்மா வரவில்லை.

முருகேசன்: குற்றவாளி என்று தீர்ப்பு வந்த பிறகும் ஊர்க்காரர்கள் ஓட்டுப் போட்டார்களே, அது எப்படி சார்? காசு கொடுத்தாரா?

இதற்குப் பனியிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். சைபீரியக் காற்று ஜப்பான் கடலைத் தாண்டும்போது ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து, மிகுனி மலைத்தொடரில் மோதி, நீகாதா பக்கம் மொத்தத்தையும் பனியாகக் கொட்டிவிடும். உள்ளூர்க் கிராமங்களில் மாதக்கணக்கில் வழி அடைபட்டுக் கிடக்கும். பிரசவ வலி வந்தால்கூட ஆஸ்பத்திரிக்குப் போக முடியாது, ஆண்கள் குளிர்காலம் முழுக்க டோக்கியோவில் கூலி வேலைக்குப் போய்விடுவார்கள். மலைக்கு அந்தப் பக்கம் டோக்கியோவில் வெயில் அடிக்கும். இளைஞர் தனாகா ஆரம்பகாலத் தேர்தல் கூட்டங்களில் என்ன பேசினார் தெரியுமா? மிகுனி மலையை வெட்டித் தள்ளிவிட்டால் காற்று அந்தப் பக்கம் போய்விடும், நமக்குப் பனியே இருக்காது, வெட்டிய மண்ணைக் கடலில் கொட்டி சாடோ தீவையும் இணைத்துவிடலாம் என்று. படித்தவர்கள் சிரித்தார்கள்.

மலையை வெட்டவில்லைதான், குடைந்தார்கள். 22 கிலோமீட்டர் நீளமுள்ள டாய்ஷிமிசு சுரங்கம், கட்டி முடித்த காலத்தில் உலகத்திலேயே நீளமான ரயில் சுரங்கம். அது வழியாக 1982-ல் நீகாதாவுக்கு ஷின்கான்சென் என்ற அதிவேக ரயில் வந்தது. 1963-ல் பெரும்பனி கொட்டியபோது, பனியையும் பேரிடராகக் கணக்கில் எடுத்து நிவாரணம் கொடுக்க வைத்தவரும் நிதி அமைச்சராக இருந்த இவர்தான்.

இன்னொரு பக்கம் 'எத்சுசான்காய்' என்ற அவருடைய ஆதரவாளர் சங்கம். ஊர் ஊராகக் கிளை. எந்த ஊருக்கு ரோடு வேண்டும், எங்கே பாலம், யாருக்குக் காண்ட்ராக்ட் எல்லாம் அது வழியாகத்தான் மேலே போகும். தொகுதி மக்கள் பஸ் பிடித்து டோக்கியோவில் மெஜிரோ பகுதியிலிருந்த அவர் வீட்டுக்கே வருவார்கள். காலையிலேயே கூட்டம் நிற்கும், ஒவ்வொரு குழுவுக்கும் சில நிமிடம், முடியும் முடியாது என்று அங்கேயே பதில். ரோடு வந்தது, ரோடு போட்ட கம்பெனி தேர்தலில் வேலை செய்தது. ஓட்டுக்கு நோட்டு என்று சுருக்கிவிட்டால் விஷயம் புரியாது. 1983 அக்டோபரில் நான்கு வருடச் சிறை என்று தீர்ப்பு, டிசம்பரில் தேர்தல், 2,20,000-க்கும் மேல் ஓட்டு. கட்சி தேசிய அளவில் அடி வாங்கிய அதே தேர்தலில்!

ஃபாத்திமா: சீனாவோடு உறவு ஏற்படுத்தியதுதான் பெரிய சாதனை என்று படித்தேன்.

வெளியுறவில் அதுதான். பதவிக்கு வந்து மூன்று மாதம் ஆவதற்குள், 1972 செப்டம்பர் 29-ல் பெய்ஜிங்கில் சீனப் பிரதமர் சௌ என்லாயோடு கூட்டறிக்கையில் கையெழுத்துப் போட்டுவிட்டார். நிக்சன் ஜப்பானிடம் சொல்லாமலே சீனாவோடு பேசத் தொடங்கிய கடுப்பும் இதில் உண்டு. நுணுக்கமான வேலையெல்லாம் வெளியுறவு அமைச்சர் ஓஹிராவுடையது, கட்சிக்குள் தைவான் ஆதரவாளர்களைச் சமாளித்த துணிச்சல் தனாகாவுடையது. அடுத்த மாதமே உயெனோ மிருகக்காட்சிசாலைக்கு இரண்டு பாண்டாக்கள் வந்து சேர, ஊரே அங்கே போய் நின்றது.

பாஸ்கர்: பொருளாதாரத்தைக் கெடுத்தவர் என்கிறார்களே?

பாதி உண்மை. நாட்டையே மறுபடி வடிவமைக்கிறேன், தொழிற்சாலைகளை கிராமப்புறத்துக்குக் கொண்டுபோகிறேன், எல்லா இடத்துக்கும் அதிவேக ரயில் என்று திட்டம் போட்டார். எந்த ஊர்ப் பெயர் அடிபட்டதோ அங்கே நில விலை பறந்தது. போதாததற்கு 1973 அக்டோபரில் எண்ணெய் நெருக்கடி. 1974-ல் விலைவாசி ஒரே வருடத்தில் 20 சதவீதத்துக்கு மேல் ஏறியது. எண்ணெய்க்கு அவர் பொறுப்பில்லை, ஆனால் அதற்கு முன்பே பணத்தை இறைத்துத் தீயை மூட்டியிருந்தார். முதியோருக்கு இலவச மருத்துவம் கொண்டுவந்ததும் 1973-ல்தான், அதையும் சொல்லிவிட வேண்டும்.

நித்யா: லாக்ஹீட் ஊழல் அமெரிக்காவின் சதி என்கிறார்களே, உண்மையா?

எனக்கு நம்பிக்கை இல்லை. முதலில் அவர் பதவி போனது லாக்ஹீடால் அல்ல. 1974-ல் தச்சிபானா தகாஷி என்ற பத்திரிகையாளர், தனாகா குடும்பத்தின் பெயரளவு கம்பெனிகள் ஷினானோ ஆற்றுப்படுகை நிலத்தை அடிமாட்டு விலைக்கு வாங்கியதையும், பிறகு அரசு கரை கட்டியதும் அந்த நிலத்தின் மதிப்பு எகிறியதையும் ஆவணம் ஆவணமாகத் தோண்டி எழுதினார். பெரிய நாளிதழ்கள் வாயை மூடிக்கொண்டிருக்க, வெளிநாட்டு நிருபர்கள் கேள்வி கேட்டுத் துளைத்த பிறகுதான் விஷயம் வெடித்தது.

லாக்ஹீட் விவகாரம் 1976 பிப்ரவரியில் அமெரிக்க செனட் விசாரணையில் வெளியானது. அதில் நெதர்லாந்து இளவரசரும் இத்தாலி அரசியல்வாதிகளும்கூட மாட்டினார்கள், எல்லாமே தனாகாவுக்காகப் போட்ட சதியா? ஆல் நிப்பான் ஏர்வேஸ் லாக்ஹீடின் ட்ரைஸ்டார் விமானத்தை வாங்குவதற்காக மாருபெனி கம்பெனி வழியாக தனாகாவுக்கு 50 கோடி யென், நான்கு தவணையாக, அட்டைப்பெட்டிகளில் போயிருக்கிறது. ஒரு ரசீதில் 'நூறு வேர்க்கடலை பெற்றுக்கொண்டேன்' என்று எழுதியிருந்தது. ஒரு வேர்க்கடலை பத்து லட்சம் யென்.

இளங்கோ: அவருடைய சிஷ்யர்கள் யார் யார்? கோஷ்டி என்ன ஆனது?

கைப்பிள்ளையாக வளர்த்த தகெஷிதாவே 1985 பிப்ரவரியில் கோஷ்டிக்குள் தனிக் குழு ஆரம்பித்தார். அதே மாதம் தனாகாவுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போனது, அதோடு அரசியல் முடிந்தது. ஆனால் அவர் நிழலில் வளர்ந்த தகெஷிதா, ஹோசோகாவா, ஹதா, ஹஷிமோதோ, ஒபுச்சி எல்லாரும் பிரதமரானார்கள். 2024-ல் பிரதமரான இஷிபாவை அரசியலுக்கு வரச் சொன்னவரும் தனாகாதான். மகள் மகிகோ 2001-ல் வெளியுறவு அமைச்சர். கட்சியை உடைத்து 1993-ல் ஆட்சியைக் கவிழ்த்த ஒசாவாவும் இதே பட்டறைதான், எதிர்க்கட்சியையும் இவர் ஆளே நடத்தியிருக்கிறார்!

சரவணன் மறுபடியும்: கடைசியில் சிறைக்குப் போனாரா?

விசாரணைக் காலத்தில் சில வாரம் உள்ளே இருந்ததோடு சரி. மேல்முறையீட்டிலும் தோற்றார், உச்ச நீதிமன்றத்தில் வழக்கு நிலுவையில் இருக்கும்போதே 1993 டிசம்பர் 16-ல் இறந்துபோனதால் அவர் மீதான வழக்கு கைவிடப்பட்டது. 1995-ல் அவருடைய செயலாளர் உள்ளிட்ட மற்றவர்கள் வழக்கில் வந்த தீர்ப்பில், பணம் கைமாறியது உண்மை என்று உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. ஷின்கான்சென் நிற்கும் உராசா நிலையத்துக்கு முன்னால் அவருக்குச் சிலை இருக்கிறது. பனி விழாமல் இருக்க அதற்குப் பிற்பாடு கூரையும் போட்டிருக்கிறார்கள்.